சாதிக்காய்த் தீவில் வைத்தியக் கல்வி

தேசியக் கொடியிலே சாதிக்காயைப் பொறித்துக்கொண்ட நாடு கிரெனடா. கரிபியன் கடலின் தென்கிழக்கு மூலையில், வெனிசுவேலாக் கரைக்கு வடக்கே, சிறு துணைத் தீவுகளையுஞ் சேர்த்து 344 சதுர கிலோமீற்றர் பரப்புடைய மலைத்தீவு அது. 1974 பெப்ரவரி 7ஆந் திகதி பிரித்தானிய ஆட்சியினின்றும் விடுபட்டது. குடிசனத் தொகை ஓர் இலட்சத்தைச் சற்றே கடக்கும். சாதிக்காய், கொக்கோ, கறுவா, கராம்பு என்பனவே நெடுங்காலம் அந்நாட்டின் செல்வமாயிருந்தன. இத்துணைச் சிறிய நாட்டுக்கு ஆண்டுதோறும் ஐக்கிய அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வேறு பல தேசங்களிலிருந்தும் பலநூறு இளைஞரும் யுவதிகளும் வந்திறங்குகின்றனர். உல்லாசப் பயணிகளோடு ஒரே விமானத்தில் வருபவர்களாயினும், அவர்கள் நாடி வருவது வைத்தியப் பட்டத்தை.

ஒரு பெரிய கண்டத்துக்கு வேண்டிய வைத்தியரை ஒரு சின்னஞ்சிறு தீவு எவ்வாறு ஆக்கித்தர முடியும்? அங்கே சென்று படிப்பவர் எதைப் பெறுகின்றார், எதைப் பணயம் வைக்கின்றார்? பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பி வைத்தியனாக்கிவிட வேண்டும் என்ற எண்ணம் தமிழ்க் குடும்பங்களில் வேரூன்றிய ஒன்றாகையால், இக்கேள்விகளுக்கு விடை காண்பது பயனுடையதாகும்.

வைத்தியக் கல்வி இரு பாதிகளைக் கொண்டது. முதற்பாதி புத்தகமும் ஆய்வுகூடமுமாகக் கழிவது. உடற்கூறு, உடற்றொழில், நோய்க்கூறு, மருந்தியல் முதலியன அதில் அடங்கும். இரண்டாம் பாதி நோயாளியின் கட்டிலருகே கழிவது. இவ்விரண்டுள் முதற்பாதியை எங்கும் நடத்தலாம். நுணுக்குக்காட்டியைக் கப்பலில் ஏற்றலாம், நூல்களை ஏற்றலாம், பேராசிரியரைச் சம்பளங் கொடுத்து வரவழைக்கலாம், உடற்கூற்று மேசைக்கு வேண்டிய பிரேதங்களைக்கூட உரிய அனுமதியோடு தருவிக்கலாம். நோயாளிகளைத் தருவிக்க முடியாது. காய்ச்சல்காரர், கர்ப்பிணிகள், எலும்பு முறிந்தோர், மூச்சுத் திணறும் குழந்தைகள் ஆகியோரை ஆயிரக்கணக்கிற் கண்டு, கேட்டு, தொட்டுப் பார்த்தாலன்றி ஒரு மாணவன் வைத்தியனாவதில்லை. கிரெனடாவின் தலைநகரான சென் ஜோர்ஜசில் உள்ள பொது வைத்தியசாலையோ ஏறத்தாழ இருநூறு கட்டில்களையே கொண்டது. பலநூறு மாணவர் அங்கே ஒருங்கு கூடினால் நோயாளியின் கட்டிலைச் சுற்றி நிற்கவும் இடம் போதாது.

தீவு என்பதனால் மட்டும் இக்குறை நேர்வதில்லை. இலங்கையுந் தீவே. 1870ஆம் ஆண்டிலே கொழும்பில் வைத்தியப் பாடசாலை தொடங்கியபோது, அருகே பெரிய வைத்தியசாலையும், அதை நிரப்பும் குடிசனமும் இருந்தன. கரிபியன் கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே அவை இச்சிக்கலுக்கு இருவேறு தீர்வுகளைக் கண்டன.

முதலாவது தீர்வு ஜமேக்காவிலே பிறந்தது. இரண்டாம் உலகப் போர் முடியுந் தறுவாயில், குடியேற்ற நாடுகளில் உயர்கல்வி எவ்வாறு அமையவேண்டும் என்று ஆராய்ந்த ஆணைக்குழுவின் கிளையொன்று, சேர் ஜேம்ஸ் இர்வின் தலைமையில் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றது. தீவுக்கொரு கல்லூரி என்பது வீண். எல்லாத் தீவுகளுக்கும் பொதுவாக ஒன்றே வேண்டும் என்பது அதன் முடிவு. அதன்படி 1948 ஒக்டோபரில் கிங்ஸ்ரன் நகருக்கு அணித்தான மோனா என்னுமிடத்தில் மேற்கிந்தியப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. முதன்முதற் சேர்ந்தவர் முப்பத்துமூவர். அனைவரும் வைத்திய மாணவர். கலையும் சட்டமும் பின்னரே வந்தன. எதற்கு முதலிடம் என்ற வினா அத்தீவு மக்களிடையே எழவேயில்லை போலும்.

மோனா ஒருகாலத்திற் கரும்புத் தோட்டம். ஆலைக்கு நீர் கொண்டுவந்த கல்வாய்க்கால் இன்றும் பல்கலைக்கழக வளவினூடே செல்கிறது. போர்க் காலத்தில் ஜிப்ரால்ற்றரிலிருந்து வெளியேற்றப்பட்ட ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட மக்களை அங்கே மரக் குடில்கள் கட்டிக் குடியமர்த்தியிருந்தனர். அவர்கள் ஊர் திரும்பிய பின் வெறுமையாய்க் கிடந்த அந்தக் குடில்களே விரிவுரை மண்டபங்களாயின. பட்டம் இலண்டன் பல்கலைக்கழகத்தினுடையது. 1921 முதல் 1942 வரை கொழும்பிலிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியும் இவ்வாறே இலண்டன் பட்டத்துக்கு மாணவரை ஆயத்தஞ் செய்தமை இலங்கையர் அறிந்ததே. 1950களின் முற்பகுதியில் மோனாவிற் போதனா வைத்தியசாலை எழுந்தது. 1962இல் கல்லூரி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அதே ஆண்டிலே மேற்கிந்தியக் கூட்டாட்சி உடைந்து தீவுகள் தத்தம் வழியே பிரிந்தன என்பது நினைக்கத்தக்கது. அரசியல் பிரித்த தீவுகளை இன்றும் ஒன்றாகக் கட்டிவைத்திருப்பவை கிரிக்கெட் அணியும் இந்தப் பல்கலைக்கழகமுந்தாம் என்று அவ்வூரார் சொல்வதுண்டு.

கட்டிற் பஞ்சத்தை அவர்கள் தீர்த்த விதம் எளியது. 1960களின் பிற்பகுதியிலிருந்து, மோனாவிற் படித்த மாணவர் சிலரை பாபடோசுக்கும் திரினிடாட்டுக்கும் அனுப்பி அங்குள்ள வைத்தியசாலைகளிற் பயிற்றினர். ஒரு தீவின் நோயாளர் போதாவிடில் மூன்று தீவுகளின் நோயாளரைச் சேர்த்துக்கொள்வது என்பதே ஏற்பாடு. பின்னர் 1989இல் திரினிடாட்டிலே தனி வைத்திய பீடமும் வந்தது.

இம்முறையினால் விளைந்த பெரும் பயன் ஒன்றுண்டு. அத்தீவுகளுக்கே உரிய நோய்கள் அத்தீவுகளிலேயே ஆராயப்பட்டன. ஜமேக்காவின் தேசியப் பழம் அக்கி எனப்படும். மேற்காபிரிக்காவிலிருந்து வந்த மரம் அது. நன்கு பழுத்துத் தானாக வெடித்த பின் உண்டால் தீங்கில்லை. காயாக உண்டால், பசித்த வயிற்றுக் குழந்தைகள் ஓயாது வாந்தியெடுத்து, குருதியிலுள்ள வெல்லம் வற்றி, மயங்கி இறந்துபோவர். எத்தனையோ தாய்மார் காரணந் தெரியாது அழுத இந்த 'வாந்தி நோய்'க்கு மூலமான நஞ்சினை 1950களின் நடுப்பகுதியில் மோனாவின் இரசாயன ஆய்வுகூடத்திலே ஹசல், ரெயில் என்னும் இருவர் பிரித்தெடுத்தனர். அதே காலத்தில், 1954இல், ஜோன் வாட்டர்லோ என்னும் வைத்தியர் அங்கே அயனமண்டல அனுசேப ஆய்வுப் பிரிவை நிறுவினார். போசாக்கின்றி வீங்கி மெலிந்த குழந்தைகளுக்கு எந்த அளவில், எந்த வேகத்தில் உணவூட்டினால் உயிர் தங்கும் என்பதை அப்பிரிவு படிப்படியாக வகுத்தது. பட்டினியால் வாடிய குழந்தையை ஒரேயடியாக ஊட்டினால் அதுவே எமனாகும் என்பதை உலகம் உணர்வதற்கு அவ்வாய்வு பெருந்துணை செய்தது.

அரிவாளுருக் கலச் சோகையைப் பற்றிய ஆராய்ச்சியும் அத்தகையதே. செங்குருதிக் கலங்கள் அரிவாள்போல் வளைந்து சிறு நாளங்களை அடைத்துக்கொள்ளும் பரம்பரை நோய் இது. 1973 யூனிலிருந்து கிங்ஸ்ரனில் உள்ள மகப்பேற்று வைத்தியசாலையொன்றிற் பிறந்த ஓர் இலட்சம் குழந்தைகளின் குருதியைச் சோதித்து, நோயுடன் பிறந்தவர்களைக் கிரஹாம் சேர்ஜன்ற் என்பாரும் அவர்தம் குழுவினரும் ஆண்டாண்டாகப் பின்தொடர்ந்தனர். அக்குழந்தைகளுட் சிலருக்கு மண்ணீரல் திடீரெனப் பருத்து, உடலின் குருதியையெல்லாம் உள்ளே வாங்கிக்கொள்ள, சில மணி நேரத்துள் மரணம் நேர்வதைக் கண்டனர். மருந்தொன்றையுந் தேடி ஓடாமல், குழந்தையின் வயிற்றைத் தடவி மண்ணீரலின் அளவை அறியும் விதத்தைத் தாய்மாருக்கே கற்றுக்கொடுத்தனர். பருத்தால் உடனே வைத்தியசாலைக்கு வரவேண்டும் என்பது மாத்திரமே கட்டளை. சாவுகள் வெகுவாகக் குறைந்தன. பெரிய தேசத்தின் பெரிய ஆய்வுகூடத்திலிருந்து இத்தகைய யோசனை வந்திருக்குமோ என்பது ஐயமே.

இரண்டாவது தீர்வு கிரெனடாவினது. அதன் தோற்றுவாய் தீவில் இல்லை. ஐக்கிய அமெரிக்காவில் இருக்கின்றது. 1970களின் நடுவில் அந்நாட்டில் வைத்தியக் கல்லூரிக்கு விண்ணப்பித்தவருள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கே இடங்கிடைத்தது. மறுக்கப்பட்டோர் அனைவரும் மந்தரல்லர். ஒன்றிரண்டு புள்ளியிற் பின்தங்கியவரும், வயது சற்றே கடந்தவரும் அவர்களுள் இருந்தனர். அவர்களிற் பலர் மெக்சிக்கோவுக்கும் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்குஞ் சென்று அந்நிய மொழியிலே படித்துவந்தனர். ஆங்கிலம் பேசும் நாடொன்றில் அமெரிக்கப் பாடத்திட்டத்துடன் ஒரு கல்லூரி தொடங்கினால் என்ன என்று சார்ள்ஸ் மோடிக்கா என்னும் அமெரிக்கரும் அவர்தம் கூட்டாளிகளும் எண்ணினர். 1976 யூலையில் கிரெனடாப் பாராளுமன்றம் அதற்கெனச் சட்டமியற்றியது. 1977 சனவரியிற் சென் ஜோர்ஜஸ் பல்கலைக்கழகத்தின் வைத்தியக் கல்லூரி வகுப்புகளை ஆரம்பித்தது. அடுத்த ஆண்டிலேயே டொமினிக்காவில் ஒன்றும் மொன்செராற் தீவில் ஒன்றுமாக வேறிரு கல்லூரிகள் எழுந்தன. அதன்பின் கரிபியன் கடலில் இத்தகைய கல்லூரிகள் பெருகின. நல்லனவும் உண்டு, பெயர்ப்பலகையும் இரண்டு அறைகளுமே உடையனவும் இருந்தன.

இக்கல்லூரிகளின் ஏற்பாடு இதுவே. முதலிரண்டு ஆண்டுகள் தீவிலே புத்தகக் கல்வி. அதன்பின் இரண்டு ஆண்டுகள் அமெரிக்காவிலோ பிரித்தானியாவிலோ உள்ள வைத்தியசாலைகளிற் கட்டிலருகுக் கல்வி. அதாவது, நோயாளியைத் தீவுக்குக் கொணர முடியாதாகையால் மாணவனை நோயாளியிடம் அனுப்புகின்றனர். அமெரிக்க வைத்தியசாலைகள் இச்சேவையை இலவசமாகச் செய்வதில்லை. 2007இல் நியூயோர்க் நகரத்தின் அரசினர் வைத்தியசாலைகளோடு கிரெனடாப் பல்கலைக்கழகம் பத்தாண்டு ஒப்பந்தம் ஒன்று செய்து, பத்துக் கோடி டொலர் வரை கொடுக்க உடன்பட்டது. நியூயோர்க்கிலுள்ள கல்லூரிகள் இதைக் கடுமையாக ஆட்சேபித்தன. தங்கள் மாணவர் நிற்கவேண்டிய இடத்தை அந்நியர் விலைக்கு வாங்குகின்றனர் என்பது அவர்கள் முறைப்பாடு. வைத்தியசாலையார் சொன்ன விடையும் முற்றாகத் தள்ளத்தக்கதன்று: ஏழை நோயாளரைப் பார்க்கும் தங்கள் நிலையங்களுக்குப் பணம் வேண்டும், அவ்வாறு பயின்றவரிற் பலர் பின்னர் அங்கேயே கடமையேற்கவுஞ் செய்கின்றனர். அமெரிக்காவில் இன்று குடும்ப வைத்தியமும் பொது வைத்தியமுமாகிய, புகழும் ஊதியமும் குறைந்த துறைகளில் வெளிநாட்டுப் பட்டதாரிகளே பெருந்தொகையாகப் பணிபுரிகின்றனர்.

தீவிலே கழியும் அவ்விரண்டு ஆண்டுகளைக் கடற்கரை வாழ்வென்று எண்ணுவோர் ஏமாறுவர். ட்றூ புளூ என்னும் முனையிலே நாற்புறமும் நீலக் கடல் சூழ்ந்திருக்கும் வளவிலிருந்து மாணவர் பெரும்பாலுங் காண்பது நூலகத்தின் சுவரையே. ஒரு தவணையிற் கற்கவேண்டிய பாடத்தைப் பின்தங்காது கற்க, நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் படிப்பது அங்கே வியப்பன்று. மின்சாரம் நின்றுபோகும், மழைக்காலத்தில் நீர் கலங்கும், வீட்டிலே நோயோ மரணமோ நேர்ந்தால் உடனே போய்ச்சேர முடியாது. தவணை முடிவிற் சிலருடைய இருக்கைகள் வெறுமையாகும். அமெரிக்கக் கல்லூரிகள் வாயிலிலேயே சல்லடை வைத்திருக்கின்றன. தீவுக் கல்லூரிகள் வாயிலை அகலத் திறந்து, சல்லடையை உள்ளே வைத்திருக்கின்றன. உள்ளே வடிகட்டப்படுபவர், கட்டிய பணத்தையும் இழந்தே திரும்புகின்றார்.

இத்துடன் தீவுக்கே உரிய இடர்களும் உண்டு. 1983 ஒக்டோபர் 19ஆந் திகதி கிரெனடாப் பிரதமர் மொறிஸ் பிஷப் அவருடைய கட்சியின் மறுபிரிவினராற் சுட்டுக்கொல்லப்பட்டார். ஊரடங்கு பிறந்தது, வீதியில் நடமாடுவோர் சுடப்படுவர் என்று வானொலி அறிவித்தது. அப்போது தீவில் ஏறத்தாழ அறுநூறு அமெரிக்க மாணவர் இருந்தனர். அவர்களைக் காப்பதை ஒரு காரணமாகக் காட்டி, அதிபர் றீகன் 25ஆந் திகதி படையை இறக்கினார். விமானத் தளத்தின் முனையிலேயே ட்றூ புளூ வளவு இருந்தமையால் அங்குள்ள மாணவரைப் படையினர் அன்றே அடைந்தனர். கிராண்ட் ஆன்ஸ் கடற்கரையில் இன்னுமொரு வளவு உண்டென்பதையும், மாணவரிற் பலர் அங்கே இருக்கின்றனர் என்பதையும் படையினர் அதன் பின்னரே அறிந்தனராம்! மறுநாள் ஹெலிகொப்ரர்கள் கடற்கரை மணலில் இறங்கி அவர்களை ஏற்றிச் சென்றன. மாணவருக்கு உண்மையில் ஆபத்து இருந்ததா என்பது இன்றும் வாதத்துக்குரியது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 108 வாக்குகளால் அப்படையெடுப்பைக் கண்டித்தது. பத்தொன்பது அமெரிக்கப் போர்வீரரும், கிரெனடியரும் கியூபருமாக அவர்களினும் மிகுந்த தொகையினரும் மாண்டனர். தவறி விழுந்த குண்டினால் மனநோய் வைத்தியசாலையொன்றில் நோயாளிகளும் இறந்தனர். மாணவர் 1984இல் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தனர்.

மனிதர் விட்டாலும் இயற்கை விடுவதில்லை. 2004 செப்டெம்பர் 7ஆந் திகதி ஐவன் என்னும் சூறாவளி கிரெனடாவின்மீது வீசியது. முப்பத்தொன்பது பேர் மடிந்தனர். பத்தில் ஒன்பது வீடுகள் சேதமுற்றன. சாதிக்காய்த் தோட்டங்கள் வேரோடு சாய்ந்தன. சாதிக்காய் மரம் நட்டுக் காய்க்க ஏழெட்டு ஆண்டுகள் செல்லுமாகையால் அந்தச் செல்வம் பழைய நிலையை அடையவில்லை. மாணவர் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, இரவல் மண்டபங்களிற் படித்துத் திரும்பினர். தோட்டம் வீழ்ந்த தீவிலே பல்கலைக்கழகம் நின்றுபிடித்தமையால், அது கொடுக்கும் சம்பளமும் மாணவர் கொடுக்கும் வீட்டு வாடகையும் அன்றுமுதல் அந்நாட்டின் பெரிய வருவாய்களுள் ஒன்றாயின.

மொன்செராற்றின் கதை இதனினும் துயரமானது. 1995 யூலையில் அத்தீவின் எரிமலை விழித்துக்கொண்டது. தலைநகரான பிளிமத் சாம்பலிற் புதையுண்டு போயிற்று. அங்கிருந்த வைத்தியக் கல்லூரி சென் மார்ற்றின் தீவுக்கு இடம்பெயர்ந்தது. 2017 செப்டெம்பரில் இர்மா சூறாவளி அத்தீவையுங் குலைக்க, மாணவர் இங்கிலாந்தின் பிரெஸ்ரன் நகருக்குச் சென்று அத்தவணையைக் கழித்தனர். இரு வாரங்கூடச் செல்லுமுன் மரியா சூறாவளி டொமினிக்காவை அழித்தது. அங்கிருந்த கல்லூரி செய்த ஏற்பாடு எவரையும் வியக்கச் செய்யும். பெரிய பயணக் கப்பலொன்றை அமர்த்தி, சென் கிற்ஸ் தீவருகே நிறுத்தி, அதிலேயே மாணவரைத் தங்கவைத்து, அதிலேயே விரிவுரை நடத்தி, அதிலேயே பரீட்சையும் வைத்தனர். உடற்றொழிலியலை ஆடும் தளத்தில் அமர்ந்து கற்ற அம்மாணவர் பின்னர் அமெரிக்காவின் ரெனசி மாநிலத்துக்குச் சென்றனர். 2019இற் கல்லூரியே டொமினிக்காவை விட்டு பாபடோசிற் குடியேறிவிட்டது. நாற்பது ஆண்டு அக்கல்லூரியை நம்பி வீடு கட்டி வாடகைக்கு விட்ட போட்ஸ்மத் ஊர் மக்கள் அடைந்த நட்டம் சொல்லுந்தரமன்று.

தீவிலிருந்து மீண்ட மாணவனை எதிர்நோக்குவது பரீட்சை. அமெரிக்காவில் வெளிநாட்டுப் பட்டதாரிகளின் தகுதியை 1956 முதல் ஒரு கல்விக் குழு சோதித்து வருகின்றது. வைத்திய அனுமதிப் பரீட்சையின் முதற்படி ஒரே நாளில் எட்டு மணி நேரம் நடப்பது. முன்னர் அதிற் பெறும் புள்ளியே ஒருவனது விதியை எழுதிற்று; அதிகப் புள்ளி பெற்ற தீவு மாணவன் அமெரிக்கக் கல்லூரி மாணவனுக்குச் சமமாகத் தலைநிமிர முடிந்தது. 2022 சனவரியிலிருந்து அப்படியில் 'சித்தி', 'தவறல்' என்பன மாத்திரமே அறிவிக்கப்படுகின்றன. மாணவரின் மனச்சுமையைக் குறைப்பதற்கென வந்த இம்மாற்றம், தன் திறமையைக் காட்டத் தீவு மாணவனுக்கு இருந்த வாயில்களுள் ஒன்றை ஒடுக்கியும் விட்டது.

பரீட்சைகளிற் சித்தியெய்தியபின் வதிவிடப் பயிற்சிக்கு இடந் தேடவேண்டும். அது இன்றி அங்கே பொதுவாக எவரும் தனித்து வைத்தியம் பார்க்க முடியாது. இவ்விடங்களைப் பங்கிடும் முறை நம்மவருக்கு எளிதில் விளங்கும். பொருத்தம் பார்த்தல் என்றே அதற்குப் பெயர். மாணவர் தாம் விரும்பும் வைத்தியசாலைகளை வரிசைப்படுத்தி எழுதுவர். வைத்தியசாலைகளும் தாம் விரும்பும் மாணவரை வரிசைப்படுத்தும். இரு பட்டியல்களையும் கணிதமுறையால் இணைத்து, மார்ச் மாதத்து மூன்றாம் வெள்ளிக்கிழமை முடிவை அறிவிப்பர். இக்கணக்கின் அடிப்படை திருமணப் பொருத்தம் பற்றிய ஒரு கணிதப் புதிரே; அதனை ஆராய்ந்தவரும் வழக்கிற் கொணர்ந்தவருமான ஷப்லி, றோத் இருவருக்கும் 2012இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது. 2024ஆம் ஆண்டுப் பொருத்தத்தில் அமெரிக்க வைத்தியக் கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவருள் நூற்றுக்கு 93 பேருக்கு மேல் இடம்பெற்றனர். வெளிநாடுகளிற் படித்த அமெரிக்கப் பிரசைகளுள் 67 பேர். வெளிநாடுகளிற் படித்த பிறநாட்டவருள் 58 பேர். எஞ்சியோர் கையிற் பட்டமும் தலையிற் கடனுமாக அடுத்த மார்ச்சை எதிர்பார்த்திருப்பர். நாலாண்டுக் கட்டணம் இரண்டு இலட்சம் டொலருக்கு மேற்பட்டது என்பதை இவ்விடத்தில் நினைவிற் கொள்ளவேண்டும்.

வைத்தியப் பட்டம் மற்றப் பட்டங்களைப் போன்றதன்று என்பதே இதிலிருந்து புலனாவது. கணிதப் பட்டதாரி எந்நாட்டிலுங் கணிதப் பட்டதாரியே. வைத்தியனுக்கோ பட்டம் ஒரு நாட்டிற் கிடைக்கிறது. பணிபுரியும் உரிமையை வேறொரு நாடு கொடுக்கவேண்டியிருக்கிறது. அந்த நாடு கொடாதொழியின், படித்தவன் படியாதவனோடு ஒப்பாகின்றான். ஆகவே கல்லூரியின் அழகிய படங்களைப் பார்க்குமுன், பிள்ளை எந்த நாட்டில் நின்று வைத்தியம் பார்க்கப் போகின்றான் என்பதை வீட்டார் தீர்மானித்துக்கொள்ளல் வேண்டும். அந்த நாட்டின் சட்டத்திலிருந்து பின்னோக்கி வந்தே கல்லூரியைத் தெரிதல் தகும்.

இந்தியாவை எடுத்துக்கொள்வோம். 2021 நவம்பரில் அந்நாட்டுத் தேசிய வைத்திய ஆணையம் புதிய விதிகளை வகுத்தது. வெளிநாட்டுப் படிப்பு ஐம்பத்துநான்கு மாதங்களுக்குக் குறையலாகாது; அதன்மேற் பன்னிரண்டு மாத உள்ளகப் பயிற்சி வேண்டும்; படிப்பும் பயிற்சியும் ஒரே வெளிநாட்டு நிறுவனத்தில் நிகழவேண்டும்; பட்டம் வழங்கும் நாட்டிலேயே வைத்தியனாகப் பதிவுபெறும் உரிமையும் அப்பட்டத்துக்கு இருக்கவேண்டும். தீவிற் பாதியும் நியூயோர்க்கிற் பாதியுமாக நாலாண்டிலே முடியும் கல்வி இவ்விதிகளுக்குள் அடங்குவது அரிது. தமிழ்நாட்டிலிருந்து கரிபியனுக்குப் பிள்ளையை அனுப்பி, அவன் திரும்பிவந்து சென்னையில் வைத்தியசாலை வைப்பான் என்று எண்ணும் தந்தை இதை முதலிற் படிக்கவேண்டும்.

இலங்கையிலோ, வெளிநாட்டில் வைத்தியம் பயின்றவர் இலங்கை மருத்துவ சபையின் பதிவுப் பரீட்சையிற் சித்தியெய்தாமல் உள்ளகப் பயிற்சிக்குப் போக முடியாது. அப்பரீட்சைக்கு அமரும் தகுதியையும் சபையே வரையறுக்கின்றது. பிள்ளையை மேற்கே அனுப்புவதற்குத் தாயின் சீதனக் காணியை ஈடுவைக்கும் குடும்பத்தவர், அக்காணி உறுதியை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகுமுன், குறிப்பிட்ட கல்லூரியின் பெயரைக் குறித்துச் சபைக்கு எழுதி எழுத்திலே விடை பெற்றுக்கொள்ளலாம். முகவரின் வாய்மொழி அதற்கு ஈடாகாது.

கல்லூரியைப் பற்றி வினவவேண்டியவை வேறுஞ் சில உள. கரிபியன் நாடுகள் 2004இல் வைத்தியக் கல்விக்கெனத் தரநிர்ணய சபையொன்றை ஜமேக்காவை நிலையமாகக் கொண்டு அமைத்தன. கல்லூரி அதனிடமோ அதனை ஒத்த வேறொரு சபையிடமோ அங்கீகாரம் பெற்றிருக்கின்றதா? மூன்றாம் ஆண்டில் மாணவன் நிற்கப்போகும் வைத்தியசாலை எது. அதனோடு எழுத்துமூலமான ஒப்பந்தம் உண்டா. அல்லது மாணவனே ஊரூராய்த் திரிந்து இடந் தேடவேண்டுமா? சேர்ந்த நூறு பேரில் எத்தனை பேர் உரிய காலத்திற் பட்டம் பெற்றனர்? இடையில் விலகினாற் பணத்தில் எவ்வளவு திரும்பும்? அமெரிக்கப் பிரசைக்கு அரசாங்கக் கடன் கொடுக்கப்பட்டுவந்த கல்லூரிகளிலும் இலங்கையருக்கு அக்கடன் இல்லையாதலால், இக்கடைசிக் கேள்வி யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருந்து போகிறவருக்கு நியூஜேர்சியிலிருந்து போகிறவரைக் காட்டிலும் முக்கியமானது. விடை சொல்லத் தயங்காத கல்லூரிகளும் அங்கே இருக்கின்றன. 'சேர்ந்தோரில் இத்தனை பேர்' என்று கேட்டதற்குப் 'பரீட்சை எழுதியோரில் இத்தனை பேர்' என்று விடை வந்தால், மீண்டும் ஒருமுறை கேட்டெழுதலாம். பரீட்சை எழுதுமுன் விலகியவர் அந்தக் கணக்கிற் சேர்வதில்லை.